மீன்களுக்கு ஒரு போக்குவரத்துக் காவலர்: ஊமைப்படச் சிரிப்பு இன்று எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்க ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் 1924-இல் வெளிவந்த ‘தி நேவிகேட்டர்’ படத்துக்காகக் கடலுக்கடியில் ஒரு காட்சி எடுத்தார். கப்பலின் அடிப்பாகத்தைச் சரிசெய்ய, முக்குளிப்பவரின் கனத்த உடையோடு அவர் நீருக்குள் இறங்குகிறார். எதிரே மீன் கூட்டம். ஒரு நட்சத்திர மீனை எடுத்துக் காவலர் வில்லையாக மார்பில் ஒட்டிக்கொண்டு, கைகாட்டி மீன்களின் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தத் தொடங்குகிறார். மீன்கள் ரப்பரால் செய்தவை. முன்னோட்டத் துண்டில் இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். முழுப் படத்தின் சோதனைத் திரையிடலில் அதே இடம் வந்தபோது அரங்கில் சத்தமே இல்லை. கீட்டன் காட்சியை வெட்டி எறிந்தார்.

காரணத்தை அவரே பின்னாளில் விளக்கினார். முழுப் படத்தில் அவர் நீருக்குள் இருக்கும் நேரம், மேலே கதாநாயகி ஆபத்தில் இருக்கிறாள். அவளைக் காப்பாற்றப் போனவன் வேலையை விட்டுவிட்டு மீன்களோடு விளையாடினால் பார்ப்பவருக்கு எரிச்சல்தான் வரும். துண்டாகப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெண்ணைப் பற்றி எதுவும் தெரியாது, அதனால் சிரித்தார்கள்.

நூறு ஆண்டுகள் கழித்து இந்த ஊமைப்படங்களை நம்மில் பலர் அப்படித்தான் பார்க்கிறோம். கைப்பேசித் திரையில் அரை நிமிடம், முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த அரை நிமிடத்தில் எந்தச் சிரிப்பு பிழைக்கிறது, எது செத்துப்போகிறது என்பதை வெறும் ரசனை மாற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. மூளை காலத்தைக் கையாளும் விதத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

மூளை ஆய்வாளர் யூரி ஹேசனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்கு அவர்கள் ஊமைப்படங்களைக் காட்டினார்கள். நேராக ஓட்டினார்கள், பின்னோக்கி ஓட்டினார்கள், பிறகு துண்டு துண்டாக வெட்டி வரிசையைக் கலைத்தும் ஓட்டினார்கள். கண்ணிலிருந்து வரும் செய்தியை முதலில் வாங்கும் பார்வைப் பகுதிகளுக்கு இந்தக் கலைப்பு ஒரு பொருட்டாகவே இல்லை. வேறு சில பகுதிகளுக்குச் சுமார் 12 விநாடி நீளமுள்ள துண்டாவது உடையாமல் வேண்டியிருந்தது. அடுத்தவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும்போது வேலை செய்யும் பகுதிகள் போன்றவை, சுமார் 36 விநாடியாவது தொடர்ச்சி இருந்தால்தான் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இயங்கின. மூளையில் ஒரே ஒரு கடிகாரம் இல்லை. வெவ்வேறு நீளத்துக்குக் காலத்தைச் சேர்த்துவைக்கும் பல அடுக்குகள் இருக்கின்றன.

இதைக் கீட்டன் காலத்து இன்னொரு நகைச்சுவை நடிகரான ஹெரால்டு லாயிடின் ‘சேஃப்டி லாஸ்ட்!’ படத்தோடு பொருத்திப் பாருங்கள். 1923-இல் வந்த படம். உயரமான கட்டடத்தின் கடிகார முள்ளில் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் தொங்கும் காட்சி, படத்தைப் பார்க்காதவருக்கும் தெரியும். துண்டாகப் பார்த்தால் அதில் கிடைப்பது பயம் மட்டும். முழுப் படத்தில் கதை வேறு. கட்டடம் ஏறவேண்டியவர் அவருடைய நண்பர். அந்த நண்பரை ஒரு போலீஸ்காரர் துரத்துகிறார். “இன்னும் ஒரு மாடி மட்டும் ஏறு, இவரைக் கழற்றிவிட்டு வருகிறேன்” என்று ஒவ்வொரு சன்னலிலும் நண்பர் சொல்லிவிட்டு ஓடுகிறார். மாடிக்கு மாடி புறா, வலை என்று புதுத் தொல்லை. கடிகாரத்தை அடைவதற்குள் பார்ப்பவரிடம் பல நிமிடக் கணக்கு சேர்ந்திருக்கிறது. முள் வளையும் நொடியில் அந்தக் கணக்கு முழுவதும் வெடிக்கிறது. வாழைப்பழத் தோலில் வழுக்குவது குறுகிய அடுக்குக்கான சரக்கு. அது எந்தத் திரையிலும் எந்த நூற்றாண்டிலும் விலைபோகும். லாயிடின் நண்பர் நீண்ட அடுக்குக்கு உரியவர். அரை நிமிடத் துணுக்கில் அவருக்கு இடமே இல்லை.

சரி, ஒருவர் விழுவதைப் பார்த்து எதற்காகச் சிரிக்கவேண்டும்? இதற்குப் பல கோட்பாடுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் இங்கே விரிக்கப் போவதில்லை. பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010-இல் முன்வைத்த விளக்கம் எனக்கு உருப்படியாகத் தோன்றுகிறது. ஒரு விஷயம் ஏதோ ஒரு ஒழுங்கை மீறவேண்டும். அதே கணத்தில் அந்த மீறலால் பாதகம் இல்லை என்றும் தோன்றவேண்டும். இரண்டும் ஒருசேர இருந்தால் சிரிப்பு. மீறல் மட்டும் இருந்தால் திகில். பாதகமின்மை மட்டும் இருந்தால் கொட்டாவி.

கீட்டன் இதைச் சோதனைக்கூடத்தில் கற்கவில்லை. சிறுவயதிலேயே பெற்றோரோடு மேடையேறியவர் அவர். அப்பா மகனைத் தூக்கி மேடையின் குறுக்கே எறிவதுதான் நிகழ்ச்சி. விழுந்து எழுந்து தான் சிரித்தால் பார்வையாளர்கள் குறைவாகச் சிரிக்கிறார்கள், முகத்தைக் கல்போல வைத்துக்கொண்டால் அதிகம் சிரிக்கிறார்கள் என்று அந்தப் பையன் கவனித்துக்கொண்டான். பிற்காலத்தில் அவருடைய முத்திரையான அசையாத முகம் அங்கே பிறந்ததுதான். அடுத்தவர் வலியை நாம் உணரும்போது, நம் சொந்த வலியின் வேதனையில் பங்குகொள்ளும் மூளைப் பகுதிகளில் சிலவும் விழித்துக்கொள்கின்றன என்று டானியா சிங்கர் குழுவினர் 2004-இல் காட்டினார்கள். வலியைச் சொல்லும் முதல் சாட்சி முகம்தான். கீட்டன் அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றவே இல்லை.

இன்றைய பார்வையாளரிடம் புதுச் சிக்கல் ஒன்று இருக்கிறது. ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில், 1928-இல், ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுதாகக் கீட்டன் மீது சாய்கிறது. திறந்திருக்கும் மாடிச் சன்னல் சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து விழுவதால் அவர் தப்பிக்கிறார். சுவர் உண்மையான கனத்தோடு செய்தது. சன்னலின் விளிம்புக்கும் அவர் உடலுக்கும் இடையே இருந்தது சில அங்குலங்கள்தான். கணினி வரைகலையில் வளர்ந்த கண், முதல் பார்வையில் இதை ஒரு தந்திரம் என்றே எடுத்துக்கொண்டு லேசாகச் சிரிக்கிறது. நிஜம் என்று யாராவது சொல்லிவிட்டால் அடுத்த பார்வையில் மூச்சை இழுத்துப் பிடிக்கிறது. படம் மாறவில்லை, மெக்ராவின் தராசில் பாதகமின்மை என்ற தட்டு மேலே போய்விட்டது. அதனால்தான், படத்துக்கு முன்னால் மேடையேறி “லாயிட் 1919-இல் ஒரு வெடிவிபத்தில் வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்தவர், செயற்கை விரல்கள் வைத்த கையுறையோடுதான் கடிகாரத்தில் தொங்கினார்” என்று அறிமுக உரை ஆற்றுபவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அத்தனையும் உண்மைதான். படம் முடிந்தபிறகு சொல்லலாமே.

சில சிரிப்புகள் செத்தது நியாயம்தான். கீட்டனின் ‘செவன் சான்சஸ்’ படத்தில் முகத்தில் கரிபூசிய வெள்ளை நடிகர் கறுப்பினத்தவராக வருகிறார். ‘காலேஜ்’ படத்தில் கீட்டனே அப்படி வருகிறார். அன்றைய வெள்ளை அரங்குக்கு அதில் பாதகம் தெரியவில்லை. இன்று தெரிகிறது. அந்த இடங்களில் இன்றைய அரங்கு மௌனமாகிவிடுவதை நகைச்சுவை உணர்வின் குறைபாடு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வேகத்துக்கு வருவோம். ஊமைப்படக் காலத்தில் ஒளிப்பதிவாளர் கையால் கைப்பிடியைச் சுற்றிப் படமெடுத்தார். விநாடிக்கு இத்தனை படச்சட்டங்கள் என்ற கறாரான விதி கிடையாது. ஒலி வந்தபிறகுதான் 24 என்பது நிலைத்தது. விநாடிக்கு 16 சட்டங்கள் வீதம் எடுத்ததை 24 வீதம் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில் நடக்கும். நகைச்சுவைப் படக்காரர்கள் கைப்பிடியை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி இந்த வேகத்தை உண்டாக்கினார்கள்.

இதில் ஒரு சின்னக் கணக்கு ஒளிந்திருக்கிறது. விழும் பொருள் கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது. ஆகவே வேகம் 1.5 மடங்கானால், திரையில் தெரியும் ஈர்ப்பு விசை 2.25 மடங்காகிறது. 4.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் நிஜத்தில் ஏறக்குறைய 0.96 விநாடி எடுத்துக்கொள்வார். திரையில் அது 0.64 விநாடி. அது 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நேரம். பூமியின் ஈர்ப்பில் பொருள்கள் எப்படி விழும் என்ற எதிர்பார்ப்பு நம் மூளைக்கு ஆழமாகப் பழகியிருக்கிறது. அந்தக் கண்ணுக்கு இந்த மனிதர் சிறியவராக, கனமற்றவராக, ஒரு பொம்மையாகத் தெரிவார் என்பது என் ஊகம். பொம்மைக்கு அடிபடாது, பாதகமின்மை இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. ஆனால் அளவு மீறினால் நடிப்பின் நுணுக்கமே அழிந்துவிடும். மெல்லிய நடிப்புள்ள காட்சிகளையும் தவறான வேகத்தில் தொலைக்காட்சியில் ஓட்டியதால்தான், ஊமைப்படம் என்றாலே வெட்டி வெட்டி ஓடும் மனிதர்கள் என்ற எண்ணம் பல தலைமுறைகளுக்கு ஒட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு, இன்று பலர் எதையும் 1.5 மடங்கு வேகத்தில் பார்க்கிறார்கள். ஏற்கெனவே வேகமூட்டிய படத்துக்கு மேலும் வேகம்.

இதற்கு நேர்மாறான புகாரையும் கேட்கிறோம்: “பழைய படங்கள் மெதுவாக இழுக்கின்றன.” எங்கே இழுக்கின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு நகைச்சுவை அடி விழுந்ததற்கும் அடுத்த அடிக்கும் நடுவில். லாயிட் தன் படங்களை மக்கள் முன் சோதித்துப் பார்த்து, அவர்கள் சிரிப்புக்கேற்ப மறுபடியும் வெட்டி ஒட்டியவர். அந்த இடைவெளி நூற்றுக்கணக்கானோர் சிரித்து ஓய்வதற்கு விட்ட இடம். அதில் சிரிக்க அரங்கு இல்லாதபோது அது வெற்றிடமாகத் தெரிகிறது.

சிரிப்பை ஆராய்ந்த உளவியலாளர் ராபர்ட் புரோவைன், மாணவர்களைத் தங்கள் அன்றாடச் சிரிப்பைக் குறித்துவைக்கச் சொல்லி, தனியாக இருப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது நாம் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்று கணக்கிட்டார். பிறர் சிரிக்கும் ஒலியைக் கேட்டாலே, நம் முகத்தைச் சிரிப்புக்குத் தயார்செய்யும் மூளைப் பகுதிகள் இயங்கத் தொடங்குவதை லண்டனில் சோஃபி ஸ்காட்டும் சக ஆய்வாளர்களும் 2006-இல் கண்டார்கள். ராபின் டன்பாரின் குழு, நகைச்சுவைக் காட்சிகளைக் கூட்டாகப் பார்த்துச் சிரித்தவர்களின் வலி தாங்கும் அளவு உயர்வதை அளந்தது. சிரிப்பு, உடலே சுரக்கும் வலிதணிப்பிகளான எண்டார்ஃபின்களைச் சுரக்கவைக்கிறது என்பது அவர்களின் விளக்கம்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானில் டமாமி நக்கானோ குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு. ஏறத்தாழ ஊமைப்படம் போலவே பேச்சின்றி ஓடும் ‘மிஸ்டர் பீன்’ காட்சிகளைப் பார்த்தவர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே நேரத்தில் கண்ணிமைத்தார்கள். ஒரு செயல் முடியும் இடம், நாயகன் திரையில் இல்லாத இடம், வந்த காட்சியே திரும்ப வரும் இடம் எனத் தவறவிட எதுவும் இல்லாத நொடிகளில்தான் இமைகள் சேர்ந்து மூடின. நிலக்காட்சிகளைப் பார்க்கும்போது இந்த ஒத்திசைவு இல்லை. பேச்சே இல்லாத நகைச்சுவை, பார்ப்பவரின் இமையைக்கூடத் தாளத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

இத்தாலியின் போர்டெனோனே நகரில் 1982-இல் தொடங்கிய ஊமைப்பட விழாவில் படங்கள் நேரடி இசையோடு ஓடுகின்றன. பியானோ வாசிப்பவருக்கு ஒரு காது திரைக்கு, ஒரு காது அரங்குக்கு. சிரிப்பு பெருகினால் அவரால் ஒரு வரியை இன்னும் ஒருமுறை வாசிக்க முடியும். அது அடங்கியதும் அடுத்த அடிக்கு ஓசையை ஏற்ற முடியும்.