ரோச் வெளிச்சம் பட்ட பிறகு: ஒளிந்து விளையாடும் கேம் செய்கிறவர்களுக்கு

கிளிநொச்சியில் சனிக்கிழமைகளில் நான் நடத்தும் கேம் வகுப்புக்குப் பன்னிரண்டு வயதுப் பொடியன் ஒருவன் வருகிறான். நாங்கள் எதைச் செய்தாலும் முதலில் விளையாடிப் பார்ப்பது அவன்தான். போன வருடம் ஒரு நாள், எங்கள் கேமில் மாமரத்துக்குக் கீழே ஒரே இடத்தில் பதினொரு தடவை பிடிபட்டான். நான் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது தடவை அவன் தொடங்கவில்லை. கைத்தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "அண்ணா, அப்பு என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு எப்படிப் பிடிச்சவர்?" என்று கேட்டான்.

பதில் எனக்குத் தெரியும். கேமில் காவல் இருக்கும் அப்புவின் பார்வை எத்தனை அடி போகும், எத்தனை பாகை விரியும், நாய்க்கு எது கேட்கும் என்று கோட் எழுதியவன் நான்தானே. ஆனால் அந்தப் பதில் திரையில் எங்கேயும் இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்புத் திரையும், "பிடிபட்டாய்" என்ற சொல்லும், திரும்பவும் வேலியடியில் இருந்து தொடங்கு என்பதும்தான்.

கேமின் கதை சின்னது. நிலவில்லாத இரவு. ஒரு சிறுவன் பக்கத்து வளவுக்குள் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பறிக்கப் போகிறான். வளவுக்காரர் வயதான அப்பு, கையில் ரோச் லைற். ஒரு நாய். வேலியில் ஆள் நுழையும் ஒரு பொட்டு. மாணவர்களே யோசித்த கதை, படங்களும் அவர்களே வரைந்தவை. கைத்தொலைபேசிக்குக் கேம் செய்வதுதான் ஒன்பது வருடமாக என் தொழில். அதனால் பிழை மாணவர்களுடையது என்று சொல்ல எனக்கு வழியில்லை. பிடிபடும் பகுதியை எழுதியது நான்.

அதே மாதத்தில் இன்னொன்று நடந்தது. மகளைக் கூட்டிப் போக ஒரு அம்மா வந்திருந்தார். ஒரு வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டுக்குள் வெள்ளை வெளிச்சம் ஒன்று அங்கும் இங்கும் அலைந்து சிறுவன் மேல் விழுந்தது. திரை சிவந்தது. ஒரு ஆணின் குரல் உரத்து "நில்!" என்றது. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, உந்தச் சத்தத்தை எடுத்துவிடுங்கோ. இருட்டுக்குள்ள லைற் அடிச்சு நில் எண்டு கத்துறது எங்களுக்கு விளையாட்டு இல்லை" என்றார்.

போர் முடிந்த 2009இல் எனக்குப் பதினாறு வயது. இது எனக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் விளையாடி வளர்ந்த கேம்களில் அப்படித்தான் இருந்தது, அதையே எடுத்துப் போட்டேன்.

ஒளிந்து விளையாடும் கேம் செய்ய நினைக்கும் தம்பி தங்கைச்சிமாருக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். ஒளிப்பதைப் பற்றி நாம் மாதக்கணக்கில் யோசிக்கிறோம். நிழல் எங்கே விழவேண்டும், காவல்காரன் எந்தப் பக்கம் நடக்கவேண்டும், புதர் எங்கே. பிடிபட்ட அடுத்த நொடிக்கு ஒரு மத்தியானம் கூட ஒதுக்குவதில்லை. ஆனால் விளையாடுகிறவர் அதிகம் சந்திப்பது அந்த நொடியைத்தான். புதிதாக விளையாடும் ஒருவர் முதல் அரை மணித்தியாலத்தில் எத்தனை தடவை பிடிபடுகிறார் என்று பக்கத்தில் நின்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வகைக் கேமுக்கு வழி போட்டவற்றில் முக்கியமானது ஜப்பானில் 1987இல் எம்எஸ்எக்ஸ்2 கணினிக்கு வந்த மெட்டல் கியர். அந்தக் கணினியால் ஒரே திரையில் நிறையப் பேரையும் குண்டுகளையும் ஓடவைக்க முடியவில்லை. அதனால் சண்டையைக் குறைத்து ஒளிப்பதை முன்னுக்குக் கொண்டுவந்தார் ஹிடியோ கோஜிமா. பழைய கணினியோடும் விலை குறைந்த போனோடும் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்வேன்.

1998இல் மெட்டல் கியர் சொலிட் வந்தபோது பிடிபடுவது இன்னும் நன்றாக யோசிக்கப்பட்டிருந்தது. காவல்காரன் தலைக்கு மேல் ஒரு ஆச்சரியக்குறி. உடனே உங்களுடைய ரேடார் வேலை செய்யாமல் போகும். அதுவரை மூலையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தே நடந்தவர் இப்போது தன் கண்ணையும் காதையும்தான் நம்பவேண்டும். ஓடி ஒளித்தால் ஒரு எண் இறங்கத் தொடங்கும், அது பூச்சியத்துக்கு வரும்வரை அகப்படாமல் இருந்தால் மறுபடி அமைதி. கேம் அங்கே நிற்கவில்லை, வேறு மாதிரி ஓடத் தொடங்கியது.

2002இல் வந்த ஸ்பிளின்டர் செல்லில் நிழலும் வெளிச்சமும் அருமை. ஆனால் அதன் பல கட்டங்களில் மூன்று முறை அலாரம் அடித்தால் கட்டமே முடிந்துவிடும். அப்படிச் செய்தால் ஆட்கள் என்ன செய்வார்கள்? பத்து அடிக்கு ஒரு தடவை சேவ் பண்ணுவார்கள், பிடிபட்டவுடன் சேவ் பண்ணின இடத்துக்கே திரும்பிப்போய் ரீலோட் பண்ணுவார்கள். நாமும் செய்திருக்கிறோம்தானே. பிடிபட்டதோடு வாழ்வதை விட ரீலோட் பண்ணுவது மலிவாக இருந்தால் எவரும் ரீலோட்தான் பண்ணுவார். அதற்குப் பிறகு நீங்கள் கஷ்டப்பட்டுச் செய்த தேடுதல், துரத்தல், தப்பியோட்டம் ஒன்றையும் அவர் பார்க்கப் போவதில்லை.

அதே 2002இல் வந்த த விண்ட் வேக்கரில் ஒரு கோட்டைக்குள் ஒளிந்து ஏறவேண்டும். அகப்பட்டால் ஒரு சிறைக்கூண்டுக்குள் போடுவார்கள். அந்தக் கூண்டில் ஒரு சின்ன ஓட்டை மறைந்திருக்கும், தேடிக் கண்டுபிடித்து ஊர்ந்து வெளியே வரலாம். பிடிபட்டவருக்கும் செய்ய ஒரு வேலை இருக்கிறது. 2019இல் மெல்பேர்னில் இருக்கும் ஒரு சின்னக் குழு செய்த அன்டைட்டில்ட் கூஸ் கேமில் நீங்கள் ஒரு வாத்து. தோட்டக்காரருடைய பொருளை எடுத்து ஓடுவீர்கள். அவர் துரத்திப் பிடித்தால் பொருளைப் பறித்துக்கொண்டு போய் பழைய இடத்தில் வைப்பார். அவ்வளவுதான் தண்டனை. அது போதுமாக இருக்கிறது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "அண்ணா, ஒளிச்சுப் பிடிச்சு விளையாட்டிலும் அப்படித்தானே?" என்றாள். எனக்கு அது பெரிய வெளிச்சம். ஒளிச்சுப் பிடிச்சு விளையாடும்போது முதலில் அகப்படுகிறவர் வீட்டுக்கா போகிறார்? அடுத்த முறை கண் பொத்தி எண்ணுவது அவர்தான். கிளித்தட்டிலும் நாங்கள் விளையாடிய விதத்தில், மறிப்பவர் கை பட்டால் பக்கம் மாறும். ஓடினவர்கள் மறிப்பார்கள், மறித்தவர்கள் ஓடுவார்கள். அகப்பட்ட பிள்ளையை வேலியோரம் உட்காரவைத்து அழவிடுகிற விளையாட்டை ஊர்ப் பிள்ளைகள் வைத்துக்கொள்ளவில்லை.

சரி, எங்கள் கேமில் என்ன மாற்றினோம்?

முதலில் அந்தப் பொடியனின் கேள்வி. கண்ணில் பட்ட ஒன்றுக்குக் கை அசைய மனிதருக்கு ஏறத்தாழ கால் நொடி வேண்டும். அதுவும் தயாராகக் காத்திருந்தால்தான். எங்கள் அப்புவோ பார்வைக்குள் ஒரு கால்விரல் வந்தாலும் அந்தக் கணமே பிடித்துவிடுவார். இப்போது அப்படி இல்லை. முதலில் நாயின் காது நிமிரும். பிறகு ஒரு உறுமல். அப்பு இருமிக்கொண்டு தலையைத் திருப்புவார். அப்புறம்தான் ரோச் திரும்பும். கிட்ட இருந்தால் இதெல்லாம் சட்டென்று நடக்கும், மரநிழலில் இருந்தால் ஆறுதலாக நடக்கும். எந்தப் படியிலும் பின்வாங்கலாம். நிலத்தில் வரைந்த வெளிச்ச வட்டத்தை விட அப்புவின் உண்மையான பார்வையைக் கொஞ்சம் சிறிதாக்கினோம். விளிம்பில் நிற்பவர் மயிரிழையில் தப்பியதாக நினைத்து மூச்சு விடுவார். ஆட்டக்காரர் பக்கம் சாய்ந்த இந்தச் சின்னப் பொய்யை நான் மனதார ஆதரிக்கிறேன். எதிர்ப்பக்கம் சாய்ந்தால், அதாவது வெளிச்சத்துக்கு வெளியே நின்றும் அகப்பட்டால், அந்தக் கேமை அவர் பிறகு நம்பமாட்டார். அந்தப் பொடியனுக்கு நடந்தது அதுதான்.

அகப்பட்ட இடத்தையும் காட்டினோம். 2012இல் வந்த மார்க் ஒஃப் த நிஞ்ஜாவில், காவல்காரர் உங்களைக் கடைசியாகக் கண்ட இடத்தில் உங்கள் உருவத்தின் நிழல் ஒன்று நிற்கும், அவர்கள் அங்கேதான் தேடிப்போவார்கள். சத்தம் எவ்வளவு தூரம் போகிறது என்பதும் வட்டமாகத் தெரியும். எங்களிடம் அவ்வளவு வசதி இல்லை. காய்ந்த சருகில் கால் வைத்தால் ஒரு வளையம் விரிந்து நாயின் காதைத் தொடுவதை மட்டும் வரைந்தோம். பதினொரு தடவை பிடிபட்ட பொடியன் அதைப் பார்த்தவுடன், "ஓ, சருகா!" என்றான். அவ்வளவு நாளும் அவனைக் காட்டிக்கொடுத்தது சருகு.

அடுத்தது அந்த அம்மா சொன்னது. "நில்" போய்விட்டது. சிவப்புத் திரையும் போய்விட்டது. ரோச் சிறுவனின் முகத்தில் விழாமல் காலடியில் விழும். அப்பு "ஆரடா அது?" என்று கேட்டுக்கொண்டு கிட்ட வருவார். குரல் கொடுத்தது ஒரு மாணவனின் உண்மையான அப்பு, முள்ளியவளைக்காரர். நாங்கள் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு, கேளாமலே ஒரு வரி சேர்த்தார்: "கேட்டால் தரமாட்டனே?" அந்த வரி கேமையே மாற்றிவிட்டது.

இப்போது அகப்பட்டால் பறித்த மாம்பழம் அப்புவிடம் போய்விடும். சிறுவன் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். கிணற்றடிக்குப் போகும்போது நாய் படுக்கும் சாக்கு எங்கே, ஏணி எங்கே சாத்தியிருக்கிறது என்றெல்லாம் தெரியும். வேலை முடிந்ததும் அப்பு படலையைத் திறந்து அனுப்பிவிடுவார். பிடிபட்டவர் அந்த வளவைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டு போகிறார்.

இதில் ஒரு புதுச் சிக்கல் வந்தது. பதினான்கு வயது மாணவி ஒருத்தி வேண்டுமென்றே போய் அகப்பட்டாள். முதலில் தண்ணீர் ஊற்றி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பிறகுதான் களவுக்குப் போனாள். வகுப்பில் பாதிப் பேர் இது அளாப்பல் என்றார்கள், பாதிப் பேர் கெட்டித்தனம் என்றார்கள். எனக்கு அவளுடைய யோசனை பிடித்திருந்தது, அதை அடைக்க மனம் வரவில்லை. ஆனால் பிடிபடுவதில் இழப்பே இல்லை என்றால் ஒளிப்பதற்கு அர்த்தம் இல்லை. அதனால் இரவுக்கு ஒரு முடிவு வைத்தோம். ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் கிழக்கு கொஞ்சம் வெளுக்கும், சேவல் கூவினால் அன்றைய இரவு முடிந்தது. அப்புவுக்கு ஞாபகமும் கொடுத்தோம். மூன்றாம் முறை அகப்பட்டால் வேலிப் பொட்டை ஓலை வைத்து அடைத்துவிடுவார், வேறு வழி தேடவேண்டும். மெட்டல் கியர் சொலிட் வரிசையில் 2015இல் வந்த ஐந்தாம் பாகத்தில், நீங்கள் தலைக்கே குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தால் காவல்காரர்கள் தலைக்கவசம் போடத் தொடங்குவார்கள். அதிலிருந்து கற்றதுதான்.

பிடிபட்டவுடன் கேம் முடியவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அரை நிமிடத்தில் கடக்கக்கூடிய சின்னப் புதிர் என்றால், உடனே தொடக்கத்துக்கு அனுப்பலாம், ஒருவரும் கோபப்படமாட்டார்கள். பயமுறுத்தும் கேமில் அகப்பட்டால் சாவு என்பதே பயத்துக்குக் காரணம். இருபது நிமிடம் மூச்சைப் பிடித்து ஊர்ந்து வந்தவரைத் தொடக்கத்துக்குத் தள்ளுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதைச் சொல்ல எனக்குக் கோபம் வருகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்கு இப்படி ஒரு கேம் செய்துகொடுத்தேன். முடியும் தறுவாயில், பிடிபடும் ஒவ்வொரு முறையும் விளம்பரம் ஒன்று ஓடவேண்டும் என்றார்கள். பிறகு, பிடிபடுவதைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்கள். காவல்காரனின் பார்வையை என் கையாலேயே அகலமாக்கினேன். அந்தக் கேமை இங்கே பிள்ளைகள் விளையாடினார்கள், அப்பா அம்மா காசு கொடுத்துப் போட்ட டேட்டாவில். உங்களிடமும் யாராவது அப்படிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுக்க முடியாத நிலை என்றால், விளம்பரத்தைக் கட்டம் முடிந்த இடத்தில் வைக்கலாம் என்றாவது பேசிப் பாருங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை தோற்கும் போதெல்லாம் விளம்பரம் வருகிறதா என்று பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

சேவ் ஆகும் இடத்துக்கு உலகம் முழுக்க செக்பொயின்ற் என்றுதான் பெயர். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற ஒருவருக்கு அந்தச் சொல் வேறு எதையோ ஞாபகப்படுத்தும். எங்கள் கேமில் அதற்கு ஆலடி என்று பெயர் வைத்தோம். ஆலமரத்துக்குக் கீழே ஒரு விளக்கு எரியும், சிறுவன் குந்தியிருந்து கால் முள்ளை எடுப்பான், அதற்குள் சேவ் ஆகிவிடும். பின்னேரம் வந்த அதே அம்மா மகளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இது முறிகண்டி மாதிரி, நிண்டு இளைப்பாறிப் போற இடமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

நாய்தான் இன்னும் சரிவரவில்லை. காற்றில் சருகு உருண்டாலும் குரைக்கிறது, அப்பு எழும்பி வருகிறார், ஒன்றும் செய்யாத சிறுவன் அகப்படுகிறான். காற்றுக்கும் காலடிக்கும் வித்தியாசம் தெரியவைக்க இரண்டு வழி யோசித்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை பொடியனிடம் கொடுத்துப் பார்க்கவேண்டும்.