கட்டடத்தின் வெப்பத்தை முன்கூட்டியே கணிக்கும் கணினி

சாதாரண தெர்மோஸ்டாட், அறையின் வெப்பநிலை குறித்த அளவைத் தாண்டிய பிறகுதான் குளிரூட்டியை இயக்குகிறது. கட்டடமோ வெப்பத்தை மெதுவாக வாங்கி மெதுவாக விடும் இயல்புடையது. நண்பகலில் கான்கிரீட் கூரையும் சுவர்களும் ஈர்த்த வெப்பம் பல மணி நேரம் கழித்தே உள்ளே வந்து சேர்கிறது. ஆகவே கருவி விழித்துக்கொள்ளும்போதே காலம் கடந்துவிடுகிறது. அதை ஈடுகட்ட முழு வேகத்தில் ஓடி, தேவைக்கு மேல் குளிரவைத்துவிட்டு நிற்கிறது. உலகின் இறுதி ஆற்றல் நுகர்வில் ஏறத்தாழ 30 விழுக்காடு கட்டடங்களின் அன்றாட இயக்கத்துக்கே செலவாகிறது என்பதால், இந்தத் தாமதம் சிறிய குறையன்று.

செயற்கை நுண்ணறிவு இங்கே செய்யும் முதன்மையான வேலை முன்கணிப்பு. வெளி வெப்பநிலை, வெயில், ஆட்களின் வருகை, மின் நுகர்வு ஆகியவற்றின் பல மாதப் பதிவுகளிலிருந்து, அந்தக் குறிப்பிட்ட கட்டடம் எதற்கு எவ்வளவு நேரத்தில் எப்படி மாறுகிறது என்பதைக் கணினி கற்றுக்கொள்கிறது. அடுத்த சில மணி நேரத்துக்கான திட்டத்தை வகுத்து, அதன் முதல் படியை மட்டும் நிறைவேற்றி, புதிய அளவீடுகள் வந்தவுடன் மீண்டும் கணக்கிடுகிறது. இதனால், வெயில் ஏறுவதற்கு முன்பே மெல்லக் குளிரூட்டத் தொடங்க முடிகிறது.

மெல்ல இயக்குவதில்தான் சேமிப்பு இருக்கிறது. விசிறிக்குத் தேவைப்படும் மின்திறன் அதன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தை 20 விழுக்காடு குறைத்தாலே மின்திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 2016-ஆம் ஆண்டில் டீப்மைண்ட் என்னும் செயற்கை நுண்ணறிவு நிறுவனம், கூகுளின் தரவு மையத்தில் குளிரூட்டலுக்கான ஆற்றலை 40 விழுக்காடு வரை குறைத்ததாக அறிவித்தது. ஆனால், கணினிகள் மட்டும் நிறைந்த கூடத்தில் கிடைத்த எண்ணை, மனிதர் பணிபுரியும் அலுவலகத்தில் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

ஏனெனில் மனிதரின் வசதி ஒற்றை எண்ணில் அடங்குவதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர் 1970-இல் வெளியிட்ட ஆய்வு, காற்றின் வெப்பநிலை, சுற்றுப் பரப்புகளின் வெப்பக் கதிர்வீச்சு, காற்றின் வேகம், ஈரப்பதம், உடலுழைப்பு, உடை என ஆறு காரணிகளைக் கணக்கில் கொள்கிறது. காற்று 24 டிகிரியில் இருந்தாலும், வெயில் படும் கண்ணாடிச் சன்னலருகே அமர்ந்திருப்பவருக்குப் புழுக்கமாகவே இருக்கும். மிகச் சிறந்த சூழலிலும் 5 விழுக்காட்டினர் நிறைவடைய மாட்டார்கள் என்பதையும் ஃபாங்கரின் சூத்திரம் ஒப்புக்கொள்கிறது. இந்தக் காரணிகளையெல்லாம் அறிந்த கணினி, காற்றோட்டத்தைச் சற்றே கூட்டி, வெப்பநிலையை ஒன்றிரண்டு டிகிரி உயர்த்தியும் வசதியைக் காக்க முடியும்.

மின்சாரத்தைக் குறைப்பதை மட்டுமே இலக்காகக் கொடுத்தால், கணினி புதிய காற்றையும் குறைக்கத் துணியும். ஆகவே கார்பன் டை ஆக்சைடின் உச்ச வரம்பையும் வெப்பநிலையின் எல்லைகளையும் மீறவே முடியாத கட்டளைகளாக மனிதர்தான் வகுக்க வேண்டும். இதில் சமரசம் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதிகம் பேசப்படாத மற்றொரு பயனும் உண்டு. காற்றைக் குளிரவைக்கும் நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் குளிர்நீர் வால்வு முழுமையாக மூடாமல் சிக்கிக்கொண்டால், அந்தக் குளிரை ஈடுகட்ட வெப்பமூட்டும் சுருள் தானாகவே இயங்கக்கூடும். அறையின் வெப்பநிலை சரியாகவே இருப்பதால் யாரும் புகார் செய்வதில்லை. இரண்டு வழிகளிலும் ஆற்றல் வீணாகிக்கொண்டே இருக்கும். எதிர்பார்த்த நுகர்வையும் உண்மையான நுகர்வையும் இடைவிடாமல் ஒப்பிடும் மென்பொருள், இந்த வேறுபாட்டைக் கண்டு, எந்தத் தளத்தின் எந்த வால்வைச் சோதிக்க வேண்டும் என்று பராமரிப்பாளருக்குத் தெரிவித்துவிடும்.