ஐ7 என்று சொன்னார்கள், வாங்கிவிட்டோம்

போன சனிக்கிழமை மத்தியானம். மழை வருவதற்குள் சாப்பிட்டு வந்துவிடலாம் என்று கோலாலம்பூர் செந்தூலில் என் கணினி பழுதுபார்க்கும் கடையின் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டேன். அப்போது ஓர் அக்காவும் அவருடைய மகளும் வந்து நின்றார்கள். துணிப்பைக்குள் குளிக்கிற துண்டில் சுற்றிய ஒரு லேப்டாப். மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் பதிவு. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 1,399 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

"திறக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுது தம்பி. வைரஸா இருக்குமோ? ஆனா இது ஐ7."

ஐ7 என்பது ப்ராசஸருக்கு, அதாவது கணினியின் மூளைக்கு, இன்டெல் நிறுவனம் வைத்த பெயர்களில் ஒன்று. இந்த "ஆனா இது ஐ7" என்ற வாக்கியத்தை இந்த மாதத்தில் மட்டும் நான்காவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கோபமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் வாங்கியவர் மேல் இல்லை.

லேப்டாப்பைக் கவிழ்த்தேன். அடியில் எட்டு ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் ஆறுதான் இருந்தது. எனக்கு முன்னால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். விசைப்பலகையில் எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. நகத்தால் ஓர் எழுத்தின் ஓரத்தை நெம்பினேன், ஸ்டிக்கர் உரிந்து வந்தது. கீழே பழைய விசை, எழுத்தே தெரியாமல் தேய்ந்து வழவழவென்று. உள்ளே 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), கோப்புகளைச் சேமிக்கப் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். ப்ராசஸர் ஐ7-6600யூ. விற்றவர் பொய் சொல்லவில்லை பாருங்கள், ஐ7தான். ஆனால் அது இன்டெல் 2015இல் வெளியிட்ட ஐ7. அந்தப் பெண் அப்போது தமிழ்ப்பள்ளியில் ஆண்டு இரண்டோ மூன்றோ படித்துக்கொண்டிருந்திருப்பாள்.

ஐ3, ஐ5, ஐ7 என்பது வகுப்பில் எடுத்த ராங்க் மாதிரி. எந்த வகுப்பு என்று கேட்காமல் ராங்கை மட்டும் கேட்டு என்ன பயன்? ஆண்டு இரண்டில் முதல் மாணவன் ஒருவன், படிவம் ஐந்தில் நடுத்தர மாணவன் ஒருவன். படிவம் ஐந்தின் அரசுத் தேர்வான எஸ்பிஎம் கணக்கை யாரிடம் கொடுப்பீர்கள்? அந்த ஐ7-6600யூவில் இருப்பது இரண்டே கோர், அதாவது ப்ராசஸருக்குள் வேலை செய்யும் இரண்டே பகுதி. 2022இல் வந்த ஐ3-1215யூவில் ஆறு கோர். "ஐ3 தானே" என்று எல்லாரும் உதடு பிதுக்குகிற அதே ஐ3.

வகுப்பைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. ஐ7 என்பதற்கு அடுத்துள்ள சிறு கோட்டுக்கு (-) அப்புறம் வரும் எண்ணைப் பாருங்கள். 6600 என்றால் முதல் இலக்கம் 6, ஆறாம் தலைமுறை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை. எண் 1இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: 1135 பதினொன்று, 1215 பன்னிரண்டு, 1335 பதின்மூன்று. விளம்பரத்தில் வெறும் "ஐ7" என்று போட்டு, கோடுக்கு அப்புறம் உள்ள எண்ணைப் போடவில்லையா? கேளுங்கள். "எல்லாம் நல்லா ஓடும் பாஸ்" என்று பதில் வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

இந்தத் தலைமுறைக் கணக்கு வேகத்துக்கு மட்டும் இல்லை. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும்தான் என்று மைக்ரோசாஃப்ட் வரம்பு வைத்திருக்கிறது. ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு, நீங்கள் அதைத் தேடிப் போக வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பழைய இயந்திரங்கள் சந்தையில் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த அக்காவின் லேப்டாப்பில் விண்டோஸ் 11தான் இருந்தது. சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஏற்றியிருக்கிறார்கள். அப்படி ஏற்றினால் இன்றைக்கு ஓடும். அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். வங்கிக் கணக்கையும் அதே இயந்திரத்தில்தான் திறக்கப்போகிறீர்கள்.

புதிய இயந்திரங்களிலும் இதே எண் மயக்கம் உண்டு. ஐ5-1235யூ, ஐ7-1255யூ இரண்டுக்கும் பத்து கோர்தான். வேகத்தில் கொஞ்சம், கிராஃபிக்ஸில் கொஞ்சம் வித்தியாசம். வீட்டுப்பாடமும் யூடியூப்பும் பார்க்கிற பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அந்த ஒரு எண்ணுக்காகச் சில நூறு வெள்ளி கூடக் கொடுத்துவிட்டு, ரேமில் கை வைத்துக் குறைத்துக்கொள்கிறார்கள். இன்டெல்லைப் போலவே ப்ராசஸர் செய்யும் ஏஎம்டிக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ரைசன் 5 7520யூ என்ற பெயரைப் பார்த்தால் புத்தம் புதிது போலத் தோன்றும். உள்ளே இருப்பது 2019 காலத்து வடிவமைப்பு. எண்ணில் சிறிய 5600யூ அதைவிட நன்றாக ஓடும். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் பழசு, 4 என்றால் புதுசு. இதை வாடிக்கையாளர்களிடம் சொன்னால் "ஏன் இப்படிப் பெயர் வைக்கிறான்?" என்று என்னைத் திட்டுகிறார்கள். நான் வைக்கவில்லை, ஐயா.

இன்டெல் இப்போது அந்த "ஐ"யையே எடுத்துவிட்டது. 2023 கடைசியில் இருந்து கோர் அல்ட்ரா 5, அல்ட்ரா 7 என்று வருகிறது. பெயர் மாறினாலும் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்: முழு எண் என்ன?

சரி, ரேமுக்கு வருவோம். 8 ஜிபிக்குக் கீழே 2026இல் யாரும் வாங்காதீர்கள். முடிந்தால் 16. அதைவிட முக்கியம், பின்னால் கூட்ட முடியுமா என்பது. மெலிதாக இருக்கும் பல மாடல்களில் ரேமை போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். 8 ஜிபி என்றால் ஆயுசுக்கும் 8 ஜிபிதான். "அப்புறம் கூட்டிக்கலாம்" என்று விற்பனையாளர் சொன்னால், ரேம் செருக எத்தனை ஸ்லாட் என்று அங்கேயே கேளுங்கள். போன வருஷம் ஒருவர் ரேம் ஸ்டிக்கை முன்கூட்டியே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அடிமூடியைத் திறந்தால் செருக இடமே இல்லை. அந்த மனிதர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாகிவிட்டது.

சேமிப்பில் ஈஎம்எம்சி (மலிவு வகைச் சேமிப்புச் சில்லு) 64 ஜிபி என்று எழுதியிருந்தால் தொடவே தொடாதீர்கள். விண்டோஸ் 11க்கு அது குறைந்தபட்ச அளவு. குறைந்தபட்சம் என்றால் ஏறும் என்று அர்த்தம், வாழலாம் என்று அர்த்தம் இல்லை. ஆறே மாதத்தில் அப்டேட்டுக்கு இடம் போதாமல் என்னிடம் வருவீர்கள், நானும் ஒன்றும் செய்ய முடியாது, அதுவும் போர்டில் ஒட்டியதுதான். எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பு) 512 ஜிபி வாங்குங்கள். விண்டோஸ் அதை 476 என்று காட்டும். யாரும் திருடவில்லை, எண்ணும் முறை வேறு. இதற்காக மாதம் ஒருவராவது கடைக்காரனோடு சண்டை போட்டுவிட்டு நேரே என்னிடம் நியாயம் கேட்க வருகிறார்.

இப்போதைய புதுத் தொல்லை "ஏஐ லேப்டாப்". உங்கள் பிள்ளை சாட்ஜிபிடியில் கேள்வி கேட்டால் பதில் தயாராவது எங்கோ இருக்கும் சர்வரில். பத்து வருஷப் பழைய கணினியிலும் அதே பதில்தான் வரும். இயந்திரத்துக்குள்ளேயே அந்த வேலையைச் செய்கிற தனிப் பகுதி சிலருக்குப் பயன்படும். உங்களுக்குப் பயன்படுமா என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

பொறியியல் படிக்கப் போகிறவர்கள் வாங்குவதற்கு முன் துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில்தான் ஓடும். ஆசையாக மேக்புக் வாங்கிவிட்டு முதல் பருவத்திலேயே இன்னொரு லேப்டாப் தேடியவர்களை எனக்குத் தெரியும். ஆசிரியர்கள் கேட்பது வேறு: "தமிழ் எழுத்து வருமா தம்பி?" வரும். விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைமுறைகளும் இருக்கின்றன. "தமிழ் ஏற்றித் தருகிறேன்" என்று ஓர் ஆசிரியையிடம் யாரோ 80 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள். செட்டிங்ஸில் இரண்டு நிமிட வேலை அது. எவரிடம் போனாலும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், என்னிடம் வந்தாலும்தான்.

கடைக்குப் போனால் மூன்று நிமிஷம் செலவழியுங்கள். கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவோ உங்கள் தாமான் கடையோ, எங்கே ஆனாலும் இதேதான். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ப்ராசஸரின் முழுப் பெயர், ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா, எல்லாம் தெரியும். அட்டையில் எழுதியதோடு ஒத்துப்பார்த்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் திரையைச் சாய்த்து மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். முகமெல்லாம் கறுத்து நெகட்டிவ் மாதிரித் தெரிந்தால் மலிவுத் திரை. நாள் முழுக்க அதைப் பார்த்துப் படிக்கப்போவது உங்கள் பிள்ளை. கடைசியாக, யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகிறதா என்று கேளுங்கள். சார்ஜர் போனால் அசலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பழைய லேப்டாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் தங்கை மகன் ஓட்டுவது நான் கொடுத்த எட்டாம் தலைமுறைதான். ஆனால் பழசு என்றால் பேட்டரி ரிப்போர்ட் கேளுங்கள். விண்டோஸே எடுத்துக்கொடுக்கும். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்ளும் என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதியாக இருந்தால் பேட்டரிக் காசைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். முந்தைய நிறுவனத்தின் பாஸ்வேர்ட் பூட்டு இல்லை என்று உங்கள் கண்ணெதிரில் அணைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ரசீது! கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், ரசீது வாங்குங்கள். அந்த அக்காவிடம் இருந்தது ஒரு வாட்ஸாப் உரையாடல் மட்டும்தான். அதில் விற்றவர் பெயர்கூட இல்லை, ஒரு பூனைப் படம். சொந்த உபயோகத்துக்கு வாங்கும் கணினிக்கு வருமான வரியில் வாழ்க்கைமுறைப் பிரிவின் கீழ் 2,500 வெள்ளி வரை கழிவு உண்டு, புத்தகம், கைப்பேசி, இணையக் கட்டணம் எல்லாம் சேர்த்து. மனைவிக்கோ பிள்ளைக்கோ வாங்கினாலும் கேட்கலாம். ரசீதை ஏழு வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது வரி வாரியம். கடைகள் தரும் வழவழப்பான தாளில் மை ஒரு வருஷத்தில் மங்கிவிடும், அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்றால், திரிபுனல் என்று நாம் சொல்லும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையான கோரிக்கையை அங்கே கேட்பார்கள். வக்கீல் தேவையில்லை. ஆனால் யார் மேல் மனு கொடுப்பீர்கள், பூனை மேலா?

அந்த லேப்டாப்பில் ஒரு எஸ்எஸ்டி போட்டு, என்னிடம் கிடந்த பழைய ரேம் ஒன்றைச் செருகிக் கொடுத்தேன். திறப்பதற்கு இப்போது அரை நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் பருவத்துக்குத் தாங்கும், அதற்கு மேல் நான் வாக்கு கொடுக்கவில்லை. மகள் அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, அடியில் இருந்த அந்த எண்ணைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, "அண்ணே, அப்ப இது ஆறாம் தலைமுறைதானே?" என்று கேட்டாள். அம்மா இன்னும் "ஐ7தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வாங்குவதற்கு முன் சந்தேகமா? தெரிந்த பழுதுபார்ப்பவர் ஒருவர் உங்களுக்கும் இருப்பார், அவருக்கு முழு மாடல் எண்ணை அனுப்பிக் கேளுங்கள். காசு கட்டிய பிறகு கேட்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். வெறும் "ஐ7, 1,399, ஓகேவா?" என்று அனுப்பினால் நான் பதில் போடமாட்டேன்.