மராமத்தா, மேம்பாடா? ஒரு சொல் விளக்கம்

ராமநாதபுரம் கடக்கரைப் பக்கம் இருக்குறவங்களுக்கு மராமத்துங்குற வார்த்தைய யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சா ஜூன் 14 வரைக்கும் 61 நாள், ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம்னு எங்க பாத்தாலும் படகக் கரையேத்தி வச்சு மராமத்து வேலதான் ஓடும். கண்மாய்க் கரைக்கு மராமத்து, பள்ளிக்கூட ஓட்டுக்கு மராமத்து, பள்ளிவாசல் காம்பவுண்டுக்கு மராமத்து. ஆனா ஊருக்குப் பொதுவா நடக்குற வேலைங்கள்ல கொஞ்ச வருசமா இந்த வார்த்தை கொறஞ்சுக்கிட்டே வருது, அந்த எடத்துல மேம்பாடு, புனரமைப்பு, அழகுபடுத்துதல்னு போர்டு வைக்கிறாங்க. வேல முடிஞ்சதும் டீக்கடையில சண்டை ஆரம்பிக்குது, இவ்வளவு பணம் கொட்டுனாங்களே ஊருக்கு என்ன பிரயோஜனம்னு ஒருத்தர், ஊரு இப்பதான் பாக்குற மாதிரி இருக்குன்னு இன்னொருத்தர். ரெண்டு பேரும் வேற வேற வேலைய மனசுல வச்சுக்கிட்டு பேசுறாங்க, அதனாலதான் அந்தப் பேச்சு முடியவே மாட்டேங்குதுன்னு எனக்குத் தோணுது, அத சரியா பிரிச்சுப் பாக்கணும்னா மராமத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

மராமத்துன்னா கெட்டுப்போன ஒன்ன பழையபடி வேலைக்கு ஆகுற மாதிரி பண்றது, அவ்வளவுதான். புதுசா ஒன்னு கட்டுறது மராமத்து இல்ல. இருக்குறதுல எது பழுதோ அத மட்டும் எடுத்துட்டு மாத்துறது.

வார்த்தை அரபியில இருந்து வந்தது. அரபியில ரம்மன்னா சரிபண்ணு, பழுது பாருன்னு அர்த்தம், அதுல இருந்து வந்த பெயர்ச்சொல் பாரசீகத்துலயும் உருதுலயும் மரம்மத்னு ஆச்சு, தமிழ்ல வந்து மராமத்து. படகு மராமத்து, படகு மரத்துல செஞ்சதுன்னு சேத்து வச்சு மரத்துல இருந்து வந்த சொல்லுன்னு சிலர் நெனைக்கிறாங்க, அப்படி இல்ல. கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம்னு நமக்கு அரபுநாட்டோட கப்பல் வியாபாரம் பல நூறு வருசமா இருந்ததால, கப்பல்ல வந்து எறங்குன வார்த்தையா இருக்கும்னு நெனைக்கிறதும் இயல்புதான், ஆனா இந்த வார்த்தை எந்தக் கூட்டத்தோட பொழங்குதுன்னு பாருங்க: தாசில்தார், ஜமாபந்தி, கிஸ்தி, வசூல், அமீனா. எல்லாமே கச்சேரி, அதாவது அரசாங்க ஆபீசு வார்த்தைங்க. நவாபு ஆட்சி நிர்வாகத்துல இருந்து வந்து கும்பினிக்காரன் கணக்குப் புத்தகத்துல ஒட்டிக்கிட்ட வரிசை இது. சென்னை மாகாணத்துல மராமத்துன்னாலே பெரும்பாலும் ஏரி, கண்மாய், வாய்க்கால் வேலைன்னுதான் அர்த்தம் ஆகிப்போச்சு. நம்ம பொதுப்பணித்துறைக்கே பழைய பேரு பொது மராமத்து இலாகாதான், இங்க பேர மாத்திட்டோம், மலையாளத்துல இன்னும் பொதுமராமத்து வகுப்புன்னுதான் இருக்கு.

இதுல குடிமராமத்துன்னு ஒன்னு இருக்கு, அத தனியா சொல்லியே ஆகணும். பாதி தமிழ், பாதி அரபி. குடின்னா ஊர்க்காரங்க. ஒரு கண்மாய்ல கரை பெருசா ஒடஞ்சா அதப் பாக்குறது அரசோட வேல, ஜமீன் ஊருன்னா ஜமீனோட வேல, ஆனா வருசா வருசம் மடைய சுத்தம் பண்றது, தண்ணி வர்ற வரத்துக்கால்ல மண்ண எடுக்குறது, கரையில முள்ளு வெட்டுறது, இந்த மாதிரி சில்லறை வேலைய ஊர்க்காரங்க வீட்டுக்கு ஒரு ஆளுன்னு வந்து செய்யணும், அந்த வழக்கத்துக்குத்தான் இந்தப் பேரு. வெள்ளைக்காரன் 1858ல இதுக்கு சட்டமே போட்டான், வராதவங்கள கட்டாயப்படுத்தலாம்னு. கட்டாயம்னு வந்ததும் வழக்கத்தோட உயிர் போயிருச்சுன்னு நான் நெனைக்கிறேன், அதுவும் வர்றது பெரும்பாலும் நெலம் இல்லாத ஏழைங்களா இருக்கும், தண்ணி பாயுறது நெலம் வச்சிருக்குறவங்களுக்கா இருக்கும், அந்த அநியாயத்தையும் மறக்கக் கூடாது. 2017ல தமிழ்நாடு அரசு அதே பேர்ல 100 கோடி ரூபாயில திட்டம் ஆரம்பிச்சப்ப, மொத்த செலவுல 10 சதவீதத்த பாசன விவசாயிங்க பணமாவோ உழைப்பாவோ குடுக்கணும்னு வச்சாங்க.

அப்ப அரபி வார்த்தை வர்றதுக்கு முன்னாடி தமிழ்ல இதுக்கு என்ன சொன்னாங்க? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விசயம் இருக்கு. சோழர் காலக் கல்வெட்டுகள்ல புதுக்குப்புறம்னு ஒரு சொல் வரும். புதுக்குன்னா புதுப்பிக்கிறது, கோயில் பழுதானா சரிபண்றது. புறம்னா அதுக்காக விட்ட நெலம். ஆக புதுக்குப்புறம்னா பழுதுபாக்குறதுக்காகவே எழுதி வச்ச மானிய நெலம், அந்த நெலத்துல வெளையிற வெள்ளாமை வருசா வருசம் மராமத்து செலவுக்குப் போகும். ஏரிப்பட்டியும் இதே மாதிரிதான், ஏரியப் பராமரிக்க விட்ட நெலம். உத்திரமேரூர்ல ஏரிய கவனிக்க ஏரி வாரியம்னு தனியா ஒரு குழுவே இருந்துச்சு. அதாவது ஒன்னக் கட்டும்போதே அது பழுதாகும்னு ஒத்துக்கிட்டு, அதுக்கு வருமானத்தையும் ஆளையும் சேத்தே ஏற்பாடு பண்ணி வச்சிருக்காங்க.

இப்ப தமிழ்ல என்ன சொல்லலாம்னா, மராமத்துக்கு நேரான சொல் செப்பனிடுதல். பேச்சுல பழுதுபாக்குறதுன்னு சொன்னா எல்லாருக்கும் புரியும், எழுதுறதுக்கு செப்பனிடல் நல்லா இருக்கும். செப்பம்னா நேர்த்தி, ஒழுங்கு, கோணல் இல்லாம இருக்குறது. குறள்ல நடுவுநிலைமைக்கே அந்தச் சொல்லத்தான் போட்டிருக்கு, "செப்பம் உடையவன் ஆக்கஞ் சிதைவின்றி எச்சத்திற் கேமாப் புடைத்து"ன்னு. நேர்மையானவனோட சொத்து சிதையாம அடுத்த தலைமுறைக்கும் பலமா நிக்கும்னு பொருள். ரோட்டுக்கும் ஊரணிக்கும் இதவிடப் பொருத்தமா ஒரு சொல் கெடைக்காது.

புனரமைப்புங்குறதுல புனர் வடமொழி, மறுபடியும்னு அர்த்தம், அமைப்பு தமிழ். இதுக்கு மறுசீரமைப்புன்னு பத்திரிகையில எழுதுறாங்க, மீளமைப்புன்னும் சொல்லலாம். இருக்குறத எடுத்துட்டு திரும்பக் கட்டுறதுன்னு பொருள், அதனால செலவு பெருசாத்தான் வரும். மேம்பாடு சுத்தமான தமிழ்தான், மேல வர்றது, ஒசர்றது, ஆனா அதுல பழுது எங்க இருக்குன்னு சொல்லவே வேண்டியதில்ல, அதனாலதான் எந்த வேலைக்கும் அந்தப் பேரப் போட முடியுது. பராமரிப்பும் மராமத்தும் காதுக்கு ஒன்னு மாதிரி கேட்டாலும் ஒன்னுக்கொன்னு சொந்தம் இல்ல. பராமரிப்பு வடமொழி வழியா வந்தது, பழுது வராமப் பாத்துக்குறது, தமிழ்ல பேணுதல். பழுது வந்தப்பறம் பண்றது மராமத்து.

இன்னொரு வார்த்தையும் இந்தக் கொழப்பத்துல சேருது, மதிப்பீடு. வேல நடக்குற எடத்துல போர்டுல மதிப்பீட்டுத் தொகைன்னு போட்டிருப்பாங்க, அது எஸ்டிமேட், செலவுக் கணக்கு. ஆனா சாதாரண ஆளுக்கு மதிப்புன்னா அந்தப் பொருளால என்ன பலன்ங்குறதுதான். மதிப்பு என்னன்னு ஊர்க்காரர் கேக்குறாரு, இத்தன லட்சம்னு பதில் வருது. கேட்டது ஒன்னு, சொன்னது ஒன்னு.

இத எங்க பக்கத்து ஊரணி ஒன்ன வச்சே சொல்றேன். ஊரணிங்குறதே ஊர் உண்ணும் நீர், அதான் ஊருணி, குறள்லயும் "ஊருணி நீர்நிறைந் தற்றே"ன்னு வருது. அந்த ஊரணிய மேம்பாடு பண்றோம்னு சுத்தி பேவர் பிளாக் நடைபாதை, பைப்புக் கைப்பிடி, எல்இடி லைட்டு, உக்கார பெஞ்சு எல்லாம் போட்டாங்க. வேல சுத்தமா இருந்துச்சு, அதுல கொற சொல்ல மாட்டேன். ஆனா தண்ணி வர்ற வரத்துக்கால்ல சீமைக்கருவேல முள்ளு மூடிக் கெடக்கு, நடுவுல ஒரு எடத்துல மண்ணப் போட்டு மேடாக்கி வச்சிருக்காங்க, மழை பேஞ்சா தண்ணி ரோட்டுக்குப் போகுது, ஊரணிக்கு வரல. கடல் பக்கம் உப்புக்காத்து என்ன பண்ணும்னு நமக்குத் தெரியும், கைப்பிடி வெல்டிங் வச்ச எடத்துல எல்லாம் துரு ஏறி பெயிண்டு செதில் செதிலா உரியுது.

அத வச்சு ஒரு நாள் சாயங்காலம் பெரிய பேச்சு. தண்ணியே இல்லாத ஊரணிக்கு எதுக்குய்யா கைப்பிடி, அந்தக் காசுல வரத்துக்காலத் தோண்டியிருந்தா ஊருக்கே குடிக்கத் தண்ணி நின்னுருக்கும்னு ஒரு பெரியவர் கோவமா சொன்னாரு. தள்ளுவண்டியில கொடத்த அடுக்கித் தண்ணிக்கு அலையிற ஊர்க்காரருக்கு அந்தக் கோவம் வரத்தான் செய்யும். அப்ப அங்க நடக்க வந்த ஒரு அக்கா நின்னு, அப்படிச் சொல்லாதீங்க பெரியப்பா, லைட்டு போட்டதுக்கப்பறம்தான் பொம்பளைங்க நாங்க ராத்திரி எட்டு மணிக்கும் பயமில்லாம நடக்குறோம், எனக்கு சுகர் இருக்கு, டாக்டர் நடக்கச் சொன்னாரு, இதுக்கு முன்னாடி எங்க போயி நடப்பேன்னு கேட்டாங்க. பெரியவர் ஒன்னும் சொல்லல. பக்கத்துல பணியாரக் கடை போட்டிருக்குறவங்களும் யாவாரம் கூடியிருக்குன்னாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குறதாத்தான் பட்டுச்சு, ஆனா ரெண்டும் ஒரே அளவு நியாயம்னு சொல்ல மாட்டேன். லைட்டும் நடைபாதையும் தேவைதான், அத நடைபாதைன்னு சொல்லிப் போடட்டும். ஊரணிக்குன்னு ஒதுக்குன காசுல மொதல் ரூபாய் தண்ணி வர்ற பாதைக்குப் போகணும்.

தடைக்காலத்துல படகுக்கு மராமத்து பாக்குறவங்களப் பாருங்க. மொதல்ல அடியில படகுக்கு முதுகெலும்பு மாதிரி இருக்குற ஏராக்கட்டையத் தட்டிப் பாப்பாங்க, உளுத்த பலகையக் கழட்டுவாங்க, பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இருக்குற இடுக்குல பஞ்சத் திரிச்சு வச்சு அடிப்பாங்க, எஞ்சின எறக்கிப் பாப்பாங்க, எல்லாம் முடிஞ்சு கடைசியாத்தான் பெயிண்டு. ஏராவப் பாக்காம பெயிண்டு மட்டும் அடிச்சுக் கடல்ல எறக்குற படகுக்காரர் ஒருத்தரும் கெடையாது, ஏன்னா அதுல போறது அவரு. இதோட அடுத்த வருசமும் இதே வேல வரும், அதுக்குப் பணம் வேணும்னு அவருக்குத் தெரியும். ஊர்த் திட்டத்துல இந்த ரெண்டும்தான் இல்ல, வரிசையும் இல்ல, அடுத்த வருசத்துக்குப் பணமும் இல்ல. கட்டுறதுக்கு ஒரு தடவ நிதி வருது, தொறப்பு விழா நடக்குது, அதோட சரி. அந்தக் காலத்துப் புதுக்குப்புறம் மாதிரி இன்னைக்கு என்ன ஏற்பாடுன்னு யாரும் கேக்குறதில்ல.

மராமத்துன்னா சின்ன வேலன்னு ஒரு எளக்காரம் இருக்கு, அதுவும் தப்பு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சப்ப பாம்பன் ரயில் பாலத்தோட கர்டர் முக்கால்வாசி கடலுக்குள்ள போயிருச்சு. ரயில்வே எஞ்சினியர் இ. ஸ்ரீதரன் தலைமையில கடல்ல கெடந்த கர்டர்களத் தேடி எடுத்து, 46 நாள்ல பாலத்த மறுபடி ஓட வச்சாங்க. 1914ல தொறந்த பாலம், அந்த மராமத்துக்கப்பறம் 2022 டிசம்பர் வரைக்கும் ரயில் ஓடுச்சு. அதுக்கப்பறம் அரிப்பு தாங்காத நெலைக்கு வந்ததால புதுப் பாலம் கட்டி 2025 ஏப்ரல் 6ஆம் தேதி தொறந்தாங்க, 550 கோடி ரூபாய்க்கு மேல செலவு. அது தேவையான செலவு. மராமத்து எதுவரைக்கும் போதும், எப்ப புதுசு கட்டியே ஆகணும்ங்குறதுக்கு இதவிட நல்ல உதாரணம் இந்த மாவட்டத்துல இல்ல.

தனுஷ்கோடியில இடிஞ்சு நிக்கிற சர்ச்சுக்கு மராமத்து, மேம்பாடு ரெண்டு வார்த்தையும் பொருந்தாது. 2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்ததுல இருந்து கூட்டம் கொள்ளாம வருது, அந்தச் சொவத்த சரிபண்ணி அழகாக்கணும்னு பேசுறவங்களும் இருக்காங்க. பவளக்கல்லு வச்சுக் கட்டுன சொவரு அது, மேல சிமெண்டு பூசுனா அது தனுஷ்கோடியே இல்ல. இதுக்கு மேல விழாம தாங்கிப் பிடிக்கிறதுதான் அங்க செய்யக்கூடியது, அதுக்குப் பேணுதல்ங்குற சொல்லே போதும்.

அடுத்து கிராமசபையில, இல்லன்னா நகராட்சியில மனு குடுக்குறவங்க மேம்பாடுன்னு பொதுவா எழுதாதீங்க. ஊரணி வரத்துக்கால் செப்பனிடல், மடை செப்பனிடல், கலுங்கு (மிச்சத் தண்ணி வெளியேறுற எடம்) செப்பனிடல்னு எது பழுதோ அதோட பேரப் போட்டு எழுதுங்க, மராமத்துன்னே எழுதுனாலும் தப்பில்ல, நூறு வருசத்துக்கு மேல நம்ம வாயில பொழங்குன வார்த்தை அது. குடிமராமத்த மாத்தச் சொல்லியும் நான் கேக்க மாட்டேன். நடைபாதை, லைட்டு வேணும்னா அத தனி மனுவாக் குடுங்க. ரெண்டு மனுவுலயும் கடைசி வரியில, வேல முடிஞ்சப்பறம் வருசா வருசம் பராமரிப்புக்கு எந்தக் கணக்குல இருந்து எவ்வளவு ஒதுக்குவீங்க, யாரு பொறுப்புன்னு கேட்டு, பதில தீர்மானப் புத்தகத்துல எழுத வைங்க.