‘கிராண்ட்’: மானியமா, நல்கையா?

முனைவர் பட்ட ஆய்வில் இருந்த மாணவி ஒருவர், பணம் ஒப்பளிக்கப்பட்ட ஆணை கைக்கு வந்த நாளில், துறையின் தாழ்வாரத்தில் நின்றபடியே ஊரிலிருக்கும் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தார். “அம்மா, ஆராய்ச்சிக்கு மானியம் வந்திருக்கு” என்றார். “சிலிண்டருக்கு வர்ற மாதிரியா? எந்தக் கணக்குல ஏத்துனாங்க?” என்று தாயார் கேட்டது அருகில் நின்ற எனக்கும் கேட்டது. அவர் கேட்டதில் பிழை ஏதுமில்லை. எரிவாயுவுக்கும் உரத்துக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் அரசு ஏற்கும் விலைப்பங்கை மானியம் என்றே நாம் சொல்கிறோம். பேராசிரியரும் மாணவரும் ஆய்வு செய்வதற்கு வழங்கப்படும் ‘கிராண்ட்’ என்னும் தொகையையும் அதே சொல்லால் குறிக்கிறோம். போதாக்குறைக்கு, துறைவாரியான செலவுக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதலைக் கேட்பதும் ‘மானியக் கோரிக்கை’ ஆகிறது. வேறுவேறான மூன்று செயல்களை ஒரே சொல் சுமப்பதால்தான் அந்தத் தாயாருக்குச் செய்தி தெளிவாகச் சென்று சேரவில்லை.

மானியம் வடமொழியிலிருந்து வந்த சொல். மதிப்பு, பெருமை எனப் பொருள்படும் ‘மானம்’, ‘வெகுமானம்’, ‘சன்மானம்’ ஆகியவற்றின் உறவு அது. ‘மதிக்கத்தக்கது’ என்பதே அதன் பழம்பொருள். கோயில் பணிக்கும் ஊர்ப் பணிக்கும் ஈடாக, வரியில்லாமலோ குறைந்த வரியிலோ விடப்பட்ட நிலம் மானியம் எனப்பட்டது. நாவிதர் மானியம், வெட்டியான் மானியம் என்று சிற்றூர்களில் முதியவர்கள் இன்றும் நிலத்தை அடையாளம் சொல்வதுண்டு. 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் (இத்தகைய வரிச்சலுகை நிலம்) ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அத்தகைய உரிமைகள் மறைந்தன. சொல் மட்டும் நிலத்தை விட்டுப் பணத்துக்குக் குடிபெயர்ந்தது.

கல்விக்கு நிலம் விடும் வழக்கமும் நம்மிடம் பழையதே. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்னும் ஊரில் உள்ள முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட ஒரு கல்விச்சாலைக்கு 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டதைச் சொல்கிறது. நிலத்தின் விளைவு ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும். இன்றைய ஆய்வுத்தொகையின் இயல்பு வேறு: அது ஒரு கேள்விக்காக, ஒரு கால அளவுக்குள், திட்டமிட்ட செலவுகளுக்காக மட்டும் வருவது. நில உரிமையிலிருந்து வளர்ந்த சொல் இந்த இயல்போடு பொருந்தாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஆங்கிலத்தில் உள்ள ‘கிராண்ட்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் அடியில் இருப்பது ‘நம்பு’ எனப் பொருள்படும் ‘கிரேடெரே’ என்னும் இலத்தீன் வினை. கடனைக் குறிக்கும் ‘கிரெடிட்’ என்ற சொல்லும் அதே வேரில் முளைத்தது. உறுதி கூறுதல், இசைதல், வழங்குதல் என்று படிப்படியாகப் பொருள் நகர்ந்தது. பிரிட்டனில் 1919இல் பல்கலைக்கழகங்களுக்கு அரசுப் பணத்தைப் பகிர்ந்தளிக்க ஏற்பட்ட குழுவின் பெயரில் இச்சொல் இருந்தது. இந்தியாவில் 1953இல் தொடங்கப்பட்டு 1956இல் சட்டப்படியான அமைப்பாகிய யுஜிசியும் அதே பெயர்முறையைப் பின்பற்றியது. நாளிதழ்கள் அதைப் ‘பல்கலைக்கழக மானியக் குழு’ என்று எழுத, தமிழ்த்துறையினர் பலர் ‘பல்கலைக்கழக நல்கைக் குழு’ என்று எழுதுகின்றனர்.

நல்கை என்பது ‘நல்கு’ என்னும் வினையோடு ‘ஐ’ விகுதி சேர்ந்த பெயர். ‘கொடு’ என்பதிலிருந்து ‘கொடை’ பிறந்த அதே வழி. சங்கப் பாடல்களில் நல்குதல் என்பது வெறும் கொடுத்தல் அன்று. அன்பு கொண்டு கொடுத்தல், அருள்தல். “நசைபெரி துடையர் நல்கலும் நல்குவர்” என்று தோழி தலைவிக்கு ஆறுதல் சொல்லும் குறுந்தொகைப் பாட்டில் (37), பிடியின் (பெண்யானையின்) பசியைத் தீர்க்க யாமரத்தின் பட்டையை உரிக்கும் களிறு அடுத்த அடியிலேயே வருகிறது. எது தேவையோ அதைத் தேவைப்படும் நேரத்தில் தேடிக் கொடுப்பதே அங்கு நல்குதல். “எழிலி தான்நல்கா தாகி விடின்” நெடுங்கடலும் தன் நீர்மை குன்றும் என்கிறது குறள் (17). தன்னிடமிருந்து நீரை முகந்த முகிலே திரும்பப் பெய்யாவிட்டால் கடலுக்கும் வளம் இல்லை. மக்களின் வரியிலிருந்து ஆய்வுக்குச் செல்லும் பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லாட்சி எனக்குத் தெரியவில்லை. (வறுமையைக் குறிக்கும் ‘நல்குரவு’ உருவத்தில் இதற்கு நெருங்கியது, ‘நல்கூர்தல்’ என்னும் வினையோடு சேர்ந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. நல்கை என்றால் மேலிருப்பவர் மனமிரங்கித் தருவது போல ஒலிக்கிறது, ஆய்வாளர் இரவலர் அல்லரே என்பது அது. தடையில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘நன்கொடை’ என்றால் கணக்குக் கேட்க முடியாது. ‘உதவித்தொகை’ என்றால் முதியோர் உதவித்தொகை முன்னே வந்து நிற்கிறது. ஆய்வுத்தொகையோ கணக்கோடு வருவது. முதன்மை ஆய்வாளர் கருத்துருவை எழுதி அனுப்ப, வல்லுநர்கள் மதிப்பிட, ஒப்பளிப்பு ஆணை வந்தபின் கருவிகள் போன்ற தொடராச் செலவினத்துக்கும், ஆய்வு உதவியாளர் ஊதியம், வேதிப்பொருள், களப்பயணம் போன்ற தொடர் செலவினத்துக்கும் தனித்தனியே பணம் ஒதுக்கப்படுகிறது. பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்க வேண்டும். செலவாகாத தொகையையும், கணக்கில் கிடந்த பணத்துக்கு வந்த வட்டியையும் திரும்பச் செலுத்த வேண்டும். நம்பிக் கொடுப்பதும், அந்த நம்பிக்கைக்குக் கணக்குச் சொல்வதும் ஒருங்கே அமைந்த இந்த ஏற்பாட்டுக்கு, வேறு வேலை எதையும் ஏற்றுக்கொள்ளாமல் இருக்கும் ‘நல்கை’யே தகும் என்பது என் துணிபு. நிதிநல்கை நிறுவனம், பயண நல்கை, நல்கை பெறுநர் என்று தொடர்கள் இடரின்றி அமைகின்றன.

‘ஃபெலோஷிப்’ இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சொல். ‘நெட்’ என்னும் தேசியத் தகுதித் தேர்வின் வழியே இளநிலை ஆய்வாளராகத் தேர்வு பெறுவோர்க்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், முதுநிலைக்கு உயர்ந்தபின் 42,000 ரூபாயும் கிடைக்கின்றன. ‘ஃபெலோ’ பழைய நார்ஸ் மொழியில் ‘ஃபே’ என்னும் செல்வத்தைக் கூட்டாக முதலிட்டவரைக் குறித்தது. அந்த ‘ஃபே’க்குக் கால்நடை என்றும் பொருள், செல்வம் என்றும் பொருள். நம் ‘மாடு’ அப்படியே: கல்வியைக் கேடில்லாத செல்வம் என்றுவிட்டு “மாடல்ல மற்றை யவை” என்று முடிக்கிறது குறள் (400). தொகையைக் குறிக்க வேண்டுமானால் ‘இளநிலை ஆய்வு நல்கை’ எனலாம். பதவியையும் அதன் தகுதியையும் குறிக்க வேண்டிய இடத்தில் ‘ஆய்வுத் தகைமை’ பொருந்தும். இரண்டையும் ஒரே தொடரில் திணிப்பது வேண்டாம்.

இலங்கைத் தமிழர் ‘ஸ்காலர்ஷிப்’பைப் புலமைப்பரிசில் என்கின்றனர், ஐந்தாம் தரத்துப் பிள்ளைகள் எழுதும் தேர்வின் பெயரே அதுதான். புலவர் பெற்ற பரிசிலை இன்றைய பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்த அழகிய ஆக்கம் அது. எனினும் பரிசில் பாடி முடித்தபின் பெறுவது. ஆய்வுத்தொகை, விடை கிடைக்குமா என்று அறியாத நிலையிலேயே தரப்படுவது. ஆகவே தேர்வில் வென்ற மாணவருக்குப் பரிசிலும், தேடப் புறப்படுபவருக்கு நல்கையும் உரியன. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கை நிறுவனத்தின் பெயர் ‘பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு’ என்பதால், அதைக் குறிப்பிடும்போது அப்படியே எழுத வேண்டும்; அது வழங்கும் பணத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாக நல்கையை ஆளத் தடையில்லை.