3.3 வோல்ட் தளராமல் நிற்க

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைக் கைபேசிக்குச் சொல்லவோ, கீசரை நேரம் பார்த்து அணைக்கவோ சொந்தமாகக் கருவி செய்து மாட்டியவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: மேசையில் ஒழுங்காக ஓடிய கருவி, சுவரில் ஏறியதும் நினைத்தபோது அணைந்து தானே மீண்டும் தொடங்குகிறது. நிரலைக் குடைவதற்கு முன் அதற்கு மின்சாரம் வரும் வழியைப் பார்ப்பது நல்லது. இத்தகைய கருவி சராசரியாக எடுப்பது மிகக் குறைவு. ஆனால் அது திடீரென்று நிறையக் கேட்கும் கணத்தில் யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் நிலைத்தன்மை அமைகிறது.

வீட்டுக் கருவிகளில் பரவலாகப் பயன்படும் இஎஸ்பி32 சில்லு 3.3 வோல்ட்டில் இயங்குவது, 3.0 வோல்ட்டுக்குக் கீழே அதற்கு உத்தரவாதம் இல்லை. வை-ஃபையில் செய்தி அனுப்பும்போது அது 240 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால், 500 மில்லி ஆம்பியர் தரவல்ல வழங்கியை வைக்குமாறு தயாரிப்பாளரே பரிந்துரைக்கிறார். பழைய பங்களாக்களின் தடித்த கற்சுவர்களுக்கு அப்பால் சமிக்ஞை நலிந்துபோனால், சில்லு மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்கி, 1,500 பைட் கொண்ட ஒரே தரவுப் பொட்டலத்தை அனுப்ப ஏறக்குறைய 12 மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் முழுவதையும், மின்னூட்டத்தைத் தேக்கிவைத்துத் தரும் கெப்பாசிட்டரால் தாங்க முடியாது. சில்லின் காலருகே உள்ள 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் முதல் சில நானோவினாடிகளையும், 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் அடுத்த சில மைக்ரோவினாடிகளையும் பார்த்துக்கொள்ள, அதற்குள், மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டில் நிலைநிறுத்தும் ரெகுலேட்டர் விழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். 300 மில்லி ஆம்பியர் 10 மைக்ரோவினாடி இழுக்கப்பட்டால் அந்த 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் இறங்குவது 30 மில்லிவோல்ட்தான். அதே இழுப்பு 1 மில்லிவினாடி நீடித்தால் கணக்கு 3 வோல்ட்டுக்குப் போய்விடும்.

ரெகுலேட்டருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. மின்சுற்றுப் பலகைகளில் வழக்கமாக இருக்கும் ஏஎம்எஸ்1117 வகை, உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே தருவதைவிடச் சுமார் 1.1 வோல்ட் கூடுதலாக இருந்தால்தான் தன் வேலையைச் செய்யும். வீட்டுக்குள் இருக்கும் 5 வோல்ட் அடாப்டரிலிருந்து 10 மீட்டர் தள்ளியுள்ள தொட்டிக்கு, 0.08 சதுர மில்லிமீட்டர் செம்பு மட்டுமே உள்ள மெல்லிய ஒயரை இழுப்பதாகக் கொள்வோம். போக வர 20 மீட்டருக்கு அதன் மின்தடை 4 ஓமைத் தாண்டும். சில்லுக்கு 240, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேக்கு 70 என 310 மில்லி ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 1.3 வோல்ட் தொலைந்து, பலகைக்கு 3.7 வந்து, சில்லுக்கு 2.6 வோல்ட்தான் எஞ்சும். அதே ஒயரில் 12 வோல்ட்டை அனுப்பித் தொட்டியருகே பக் கன்வெர்ட்டரால் 5 வோல்ட்டாகக் குறைத்தால், ஓடும் மின்னோட்டம் பாதியாகிறது. முக்கால் வோல்ட் குறைந்தாலும் கன்வெர்ட்டர் அதைப் பொருட்படுத்தாது.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932 முதல் மின்சாரம் தந்துவரும் மாவட்டம் இந்த நீலகிரி. ஆனாலும் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து நீளும் கம்பியின் கடைசி வீட்டில், ஊரே கீசர் போடும் காலை வேளையில், 230 வோல்ட் வரும் என்று நம்பிக் கருவி செய்வது அசட்டுத்தனம். டிரான்ஸ்ஃபார்மரும் 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டரும் கொண்ட பழைய அமைப்பு இங்கேதான் முதலில் காலை வாரும், ஏனெனில் மின்கம்பியில் குறையும் விகிதத்திலேயே அதன் வெளியீடும் குறைகிறது. கைபேசிச் சார்ஜர் வகையான எஸ்எம்பிஎஸ் அடாப்டர் 100 வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. கம்பியில் மரக்கிளை உரசி மின்சாரம் கண் சிமிட்டும்போது, அடாப்டர் தன் உயர் அழுத்தப் பக்கத்துக் கெப்பாசிட்டரில் தேங்கியதை வைத்து ஓடுகிறது. அந்த ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 230 வோல்ட் மின்சாரத்தில் 325 வோல்ட் வரை நிரம்பி, 2 வாட் சுமையைச் சுமார் 0.11 வினாடி தாங்கும். மின்சாரம் 180 வோல்ட்டாக இருந்தால் தாங்கும் நேரம் 0.06 வினாடிதான். வெளியே 5 வோல்ட் பக்கத்தில் 2,200 மைக்ரோஃபாரட் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. 80 மில்லி ஆம்பியர் சுமையில், ரெகுலேட்டருக்கு வேண்டிய 4.4 வோல்ட்டுக்கு, அதாவது 0.6 வோல்ட் இறங்குவதற்குள் அது கொடுப்பது வெறும் 16 மில்லிவினாடி.

ரிலே அணையும்போது எழும் மின்னழுத்தத் துள்ளலை அடக்க அதன் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு, மின்கம்பியில் வரும் துள்ளலை உறிஞ்ச மின்னிணைப்பின் நுழைவாயிலில் ஃபியூசுக்குப் பின் ஒரு வேரிஸ்டர்: இவ்விரண்டையும் விவாதமில்லாமல் போட்டுவிட வேண்டும்.

மலைக்கே உரிய தொல்லை, மூடுபனி. சால்டர் செய்தபின் முனைகளுக்கிடையே பழுப்பாக ஒட்டிக்கிடக்கும் ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் பசை), ஈரம் படிந்ததும் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு அதைத் தேய்த்துக் கழுவி, உலர்ந்தபின் காப்புப் பூச்சு பூசுவது நல்லது. 230 வோல்ட் செல்லும் தடத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே 8 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். இந்த ஈரத்தில் மின்கம்பிப் பக்கத்தை நாமே கட்டுவதைவிட, தரச்சான்றுள்ள மூடிய அடாப்டரை வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

மணிக்கணக்கான மின்வெட்டுக்கு மின்கலம்தான் வழி. ஆனால் உறைபனி விழும் உதகைப் பள்ளங்களில் வெளியே வைத்த லித்தியம் கலத்தை 0 டிகிரிக்குக் கீழே மின்னேற்றினால், லித்தியம் எதிர்மின்வாயின் மேல் உலோகமாகப் படிந்து கலம் நிரந்தரமாகக் கெடும். மலிவான டிபி4056 மின்னேற்றிப் பலகைகளில் வெப்பநிலையை அறியும் கால் தரையோடு இணைக்கப்பட்டு, அந்தக் காவல் முடக்கப்பட்டிருக்கும். அந்தக் காலைத் தூக்கி, மின்தடைகளோடு, வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் ஒரு தெர்மிஸ்டரை இணைத்து, அதைக் கலத்தின் உடம்போடு ஒட்டி வைத்தால், வெயில் ஏறும்வரை பலகை மின்னேற்றாமல் காத்திருக்கும்.