பைபெடலிசம்: இருகால் நடை

இந்தச் சொல்லில் பாதி நமக்குத் தெரிந்ததுதான். சைக்கிளிலும் தையல் மிஷினிலும் மிதிக்கிறோமே பெடல், அதே வேர். லத்தீனில் 'பை' இரண்டு, 'பெஸ்' பாதம். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறோமே, அந்த வடமொழிப் 'பாத'மும் இந்தப் 'பெஸ்'ஸும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை.

இரண்டு காலையே வழக்கமான நடையாகக் கொள்வதுதான் பைபெடலிசம். 'வழக்கமான' என்பது முக்கியம். ஆழியாறு குரங்கு அருவிப் பக்கம் நாட்டுக் குரங்கு ஒன்று பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கினால் இரண்டு காலில் நாலு எட்டு ஓடும். அப்போதும் இடுப்பும் முழங்காலும் மடங்கியேதான் இருக்கும். கை காலியானதும் மறுபடி நாலு கால். நமக்கு இடுப்பெலும்பு குட்டையாகி, கிண்ணம்போல் அகன்றுவிட்டது. தொடையெலும்பு உள்பக்கம் சாய்ந்து முழங்கால்களை உடம்புக்கு நேர் கீழே கொண்டுவருகிறது. கால் பெருவிரல் மற்ற விரல்களோடு வரிசையில் சேர்ந்துவிட்டது. தண்டுவடம் நுழையும் துளையும் மண்டையோட்டின் அடியில் முன்னுக்கு நகர்ந்துவிட்டது.

மூளை பெருத்த பிறகே மனிதன் எழுந்து நின்றான் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். நடந்தது நேர்மாறு. 1974இல் எத்தியோப்பியாவில் புதைபடிவ எலும்புக்கூடாகக் கிடைத்த லூசி என்ற ஆதி மனித இனப் பெண் சுமார் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவள். மரமும் ஏறியிருப்பாள், ஆனால் தரையில் இரண்டு காலில் நடந்தவள். அவள் இனத்தின் மூளை 450 கன செ.மீ. அளவுதான், சிம்பன்சியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. நம்முடையது 1,350ஐ ஒட்டி வரும். தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகள் இன்னும் பழையவை, சுமார் 36 லட்சம் ஆண்டு. ஆக, கால் நிமிர்ந்து பல லட்சம் ஆண்டு கழித்துத்தான் தலை பெருத்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நிமிர்நடை' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல்லடத்துப் பண்ணைக் கோழியும் பைபெடல்தான். அதன் உடம்பு கிடைமட்டமாக அல்லவா இருக்கிறது? அதனால் பொதுவாக 'இருகால் நடை', மனிதனைக் குறிக்கும்போது 'நிமிர்ந்த இருகால் நடை' என்பது என் கட்சி. இடம் விட்டு எழுதுங்கள். சேர்த்து 'இருகால்நடை' என்று எழுதினால் காங்கேயத்துக்காரர் இரண்டு மாடு என்று படித்துவிடுவார்.

இப்படி நடக்கும் உயிருக்கு 'இருகாலி' என்றே பெயர் வைக்கலாம். முக்காலியும் நாற்காலியும் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றனவே.